பல்செட்டும் சென்சாரும்

எங்கள் விமானம் என்று சொன்னவுடன் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேர் உட்காரலாம், அதுவும் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற வழியில், வற்றிய ஏரி ஒன்றை ஒட்டி ஒரு செம்மண் ஓடுதளமும் தகரக் கொட்டகையும் இருந்தன. முதலாளி முனிரத்தினத்துக்குச் சுங்குவார்சத்திரத்தில் அரிசி மில். நெல் அரைக்கிறவருக்கு விமானம் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. ஏலத்தில் சல்லிசாக வந்தது, வாங்கிவிட்டார். புடவைக் கடைக்கும் சினிமாக் கொட்டகைக்கும் வானத்திலிருந்து நோட்டீஸ் போடுவதுதான் கம்பெனியின் தொழில்.

தொண்ணூற்றொன்றில், பக்கத்து ஊர் அரசியல் கூட்டத்தில் குண்டு வெடித்த மே மாதத்துக்கு அப்புறம், எங்கள் பக்கத்து வானத்தில் காக்காய் பறப்பதற்கே பர்மிஷன் வாங்க வேண்டும் போலிருந்தது. விமானம் கொட்டகையிலேயே கிடந்தது. தீபாவளி நெருங்கும்போதுதான் மறுபடி பறக்கலாம் என்று தாக்கல் வந்தது. மழையும் இன்னும் பிடிக்கவில்லை. தீபாவளிக்கு நோட்டீஸ் போடாமல் வேறு எப்போது போடுவது? முதலாளி தலைகால் புரியாமல் கொட்டகைக்கு ஓடி வந்தார். எஞ்சினைக் கிளப்பினால் விமானம் குளிர் ஜுரம் வந்ததுபோல் உதறியது.

காரணம் கண்ணப்பன் அண்ணன். அவர்தான் லைசென்ஸ் உள்ள மெக்கானிக். வேலை இல்லாத மாதங்களில் மனிதர் சும்மா இருந்திருக்கலாம். அரத்தை எடுத்தார். புரொப்பெல்லரின் ஒரு பிளேடில் ஓடுதளத்துக் கல் பட்டு விழுந்திருந்த வடுக்களை ராவி ராவி வழவழவென்று ஆக்கினார். ஒரு பிளேடை மட்டும். ஒரு பக்கம் இளைத்து மறு பக்கம் கனத்தால் எது உதறாது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அண்ணன் ஓடுதளம் கோணல் என்றார்.

அதுவரை அதிர்வை அளக்க எங்களிடம் இருந்த ஒரே கருவி கேப்டன் பரசுராமனின் பல்செட். கேப்டன் எங்கெங்கோ பறந்து ரிட்டையர் ஆகி, வீட்டில் உட்காரப் பிடிக்காமல் எங்களிடம் வந்தவர். எஞ்சின் ஓடும்போது பல்செட் லேசாகக் கிடுகிடுத்தால் பரவாயில்லை. பேச முடியாத அளவுக்கு அடித்துக்கொண்டால் வேலை இருக்கிறது. அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டார் என்றால் அன்றைக்கு யாரும் மேலே போவதில்லை. முதலாளி எங்கள் ஒருவரையும் நம்பமாட்டார். வந்தவுடன் கேப்டன் பல்லு என்ன சொல்கிறது என்றுதான் விசாரிப்பார்.

கேப்டனுக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசி போல்ட்டை யார் முறுக்கினாரோ அவர் சோதனை ஓட்டத்தில் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். ஒழுங்காக முறுக்கியிருந்தால் உட்காருவதற்கு என்ன பயம் என்பார். இந்தச் சட்டத்தால் எங்கள் கொட்டகையில் எந்த வேலையும் கடைசி போல்ட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். கண்ணப்பன் அண்ணனுக்கு அப்போது பார்த்து ராகு காலம் வரும், வயிறு கலக்கும், மாமியார் திதி வரும். அந்த அம்மாளுக்கு வருஷத்தில் எத்தனை திதி என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

எனக்கு மேலே போக வேண்டும். என் பெயர் செந்தாமரை, பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா. விமானத்தின் மீட்டர்களெல்லாம் என் பொறுப்பு. உயரம் காட்டும் மீட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறவள் நான், ஆனால் நான் ஏறியிருந்த அதிகபட்ச உயரம் இறக்கையைத் துடைக்கப் போடும் முக்காலி. முதலாளியின் மச்சான் மேலே போயிருக்கிறான். நோட்டீஸ் கட்டுகள் போயிருக்கின்றன. போன வருஷம் முதலாளியம்மா விமானத்துக்குத் திருஷ்டி கழிக்கச் சொல்லி ஒரு பூசணிக்காயை ஏற்றி அனுப்பினார்கள், அது செங்கல்பட்டு வரைக்கும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. பூசணிக்காய்க்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. நினைத்தால் பற்றிக்கொண்டு வரும்.

கேப்டன் எப்போதோ சரி என்று சொல்லிவிட்டார், சட்டப்படி வா என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மீட்டரைத் தொடலாம், ஸ்பேனரைப் பெண்பிள்ளை தொடக்கூடாது என்பது கண்ணப்பன் அண்ணனின் சட்டம். வயசுப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் அப்பனுக்கு யார் பதில் சொல்வது என்பது முதலாளியின் சட்டம். மச்சானுக்கு ஒன்று ஆகிவிட்டால் யாருக்குப் பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்து, அதில் பெரிய சிக்கல் வராது என்றார்.

உதறல் தானாக அடங்காது என்று தெரிந்ததும், முதலாளி பெங்களூரில் யாரையோ பிடித்துப் புரொப்பெல்லர் பேலன்ஸ் பார்க்கும் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அதைத் திறந்து பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது.

பெட்டியில் இரண்டு சென்சார்கள். ஒன்று கட்டைவிரல் அளவு, அதிர்வை உணர்வது. எஞ்சினின் முன்பக்கம், புரொப்பெல்லருக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட, ஒரு போல்ட்டோடு சேர்த்து இறுக்க வேண்டும். நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும், சாய்ந்தால் பொய் சொல்லும். இன்னொன்று கண். எஞ்சினை மூடியிருக்கும் தகட்டின்மேல் அதைப் பொருத்தி, பிளேடின் முதுகைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். ஒரு பிளேடின் முதுகில் மட்டும் விரல் நீளத்துக்கு மினுக்கும் டேப் ஒட்டுவோம். டேப் கடந்து போகும்போதெல்லாம் ஒரு சுற்று முடிந்தது என்று கண் பெட்டிக்குச் சொல்லும். எந்த நொடியில் அதிர்கிறது, அந்த நொடியில் டேப் எங்கே இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு, எங்கே கனம் சேர்க்க வேண்டும் என்று பெட்டி கணக்குப் போடும்.

விமானத்தின் வாலைப் பனைமரத்தில் கயிறு போட்டுக் கட்டினோம். கண்ணுக்குள் வெயில் விழக்கூடாது என்று மூக்கை வடக்கே திருப்பினோம். வயர் தொங்கினால் புரொப்பெல்லர் இழுத்துக்கொள்ளும், பிறகு பெங்களூருக்குத் திருப்பி அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் நானே ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கட்டு போட்டு, வயரை விமானத்தின் உடம்போடு ஒட்டி ஓட்டி, உள்ளே கொண்டுவந்து பெட்டியில் சொருகினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேப்டனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். தரையில் உட்காரலாம், வானத்தில்தான் கூடாது.

எஞ்சின் ஓடியது. பெட்டி வேகத்தை இரண்டு மடங்கு காட்டியது. கேப்டன் எட்டிப் பார்த்து, இந்த எஞ்சின் வாலிபத்திலேயே அவ்வளவு வேகம் ஓடியதில்லை என்றார். நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்ப் பார்த்தேன். டேப் ஒட்டாத பிளேடின் முதுகில் பளிச்சென்று மூன்று பட்டை திருநீறு. கண்ணப்பன் அண்ணன் தினமும் காலையில் விமானத்துக்குத் திருநீறு பூசிக் கற்பூரம் காட்டாமல் எந்த வேலையையும் தொடமாட்டார். கறுப்புப் பெயின்டின்மேல் வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் கண் அதையும் ஒரு சுற்று என்று எண்ணிவிட்டது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். சாமி நெற்றியை அழித்துவிட்டேன் என்று அண்ணன் குதித்தார். பிளேடின் முகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பூசுங்கள், முதுகை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சமாதானம் சொன்னேன். முறைத்துக்கொண்டே முகத்தில் பூசினார்.

இரண்டாம் தடவை வேகம் சரியாக வந்தது, அதிர்வும் தெளிவாகத் தெரிந்தது. புரொப்பெல்லரின் நடுவே ஒரு கூம்பு மூடி இருக்கும், ஸ்பின்னர் என்போம். அதன் அடித்தகட்டில் வட்டமாக ஓட்டைகள். டேப் ஒட்டிய பிளேடிலிருந்து சுற்றும் திசையில் நாலாவது ஓட்டையில் கனம் சேர்க்கச் சொன்னது பெட்டி. எஞ்சினை நிறுத்திவிட்டு, சீட்டில் இருந்தபடியே தலையை வெளியே நீட்டிக் கண்ணப்பன் அண்ணனிடம் சொன்னேன். அவர் புரொப்பெல்லருக்கு எதிரில் வாஷர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சுத்தற பக்கம்னா, பிரதட்சணமாத்தானேம்மா?" என்றார்.

நான் கண்ணாடி வழியாகப் புரொப்பெல்லரைப் பார்த்தேன். அது கடிகார முள் சுற்றுகிற பக்கம்தான் சுற்றும். கோயிலைச் சுற்றுகிற மாதிரி.

"ஆமாண்ணே, பிரதட்சணமாத்தான்."

அவர் எண்ணி, நாலாவது ஓட்டையில் வாஷரை வைத்து போல்ட்டைப் பூட்டினார். முழுக்க முறுக்கவில்லை, இது தற்காலிகம், கடைசி போல்ட் கணக்கில் வராது என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் விலகினார். எஞ்சினைக் கிளப்பினோம்.

பனைமரம் ஆடியது. பெட்டியில் அதிர்வு காட்டும் முள் ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. கேப்டன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பல்செட் துள்ளி வந்து என் மடியில் விழுந்தது. அவர் எஞ்சினை அணைக்கிற வரைக்கும் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி ஓடிப் பார்த்தால் வாஷர் எதிர்ப்பக்கத்து நாலாவது ஓட்டையில் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அண்ணனுக்கும் வந்தது. பிரதட்சணமா என்று கேட்டேன், ஆமாம் என்றாய், பிரதட்சணமாக வைத்தேன், பொம்பளை பேச்சைக் கேட்டால் இப்படித்தான் என்றார். நீங்கள் வைத்தது அப்பிரதட்சணம் என்றேன். எனக்கா பிரதட்சணம் தெரியாது என்று கற்பூரத் தட்டையே எடுத்துவந்து, விமானத்துக்கு எதிரில் நின்று, சுற்றிக் காட்டினார். அவர் சுற்றியதும் கடிகாரப் பக்கம்தான். எனக்கே ஒரு கணம் தலை சுற்றியது.

பெட்ரோல் ஊற்றுகிற ஜோயல் அண்ணன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டோம். அவர்கள் கோயிலில் நேராக உள்ளே போய் நேராக வெளியே வருவதோடு சரி, சுற்றுகிற விவகாரத்தில் தன்னை இழுக்க வேண்டாம் என்றார்.

பிறகு எனக்குப் பொறி தட்டியது. கண்ணப்பன் அண்ணனைப் பிடித்து சீட்டில் உட்காரவைத்தேன். ஸ்விட்ச் எல்லாம் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஜோயல் அண்ணனைப் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னேன். உள்ளேயிருந்து பார்த்தால் பிரதட்சணம். அண்ணன் வெற்றியோடு தலையாட்டினார். அவரை இறக்கி எதிரில் நிறுத்தினேன். ஜோயல் அண்ணன் அதே பக்கமே சுற்றினார். கண்ணப்பன் அண்ணனின் முகம் வெளிறிப் போனது.

"இத்தினி வருஷமா நான் ஒரு பக்கம் கற்பூரம் சுத்திகினு இருந்தேன். இது எதிர்ப்பக்கமா சுத்திகினு இருந்திச்சா?"

"பொறந்ததுலேர்ந்தே அப்டித்தாண்ணே."

மனிதர் மணலில் உட்கார்ந்துவிட்டார். எரியும் கோபத்திலும் எனக்குப் பாவமாக இருந்தது. மில்லில் மோட்டார் எரிந்தது, மகனுக்கு அம்மை போட்டது, தன் மாடு செத்தது என்று ஒவ்வொன்றாகக் கோத்துச் சொன்னார், எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. அப்பிரதட்சணம் சுற்றுவது சாவுக்கு. தன் முகத்துக்கு எதிரில் எதிர்ப்பக்கம் எண்ணி ஒரு போல்ட்டை வைத்தால் வம்சத்துக்கு ஆகாது. அவருடைய பயத்துக்கு இவ்வளவு அழகான சாக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது சாக்கு இல்லை என்றும் எனக்குத் தெரிந்தது.

"சரிபார்த்து கையெழுத்து போடறேன்," என்றார். "கைய வெக்க மாட்டேன்."

அந்த நேரத்தில்தான் முதலாளியின் ஜீப் வந்தது. பின்னால் நோட்டீஸ் கட்டுகள், முன்னால் கூலிங் கிளாஸ் போட்ட மச்சான். நடந்ததைக் கேட்ட முதலாளிக்குப் பாதி புரியவில்லை, ஆனால் போல்ட்டைத் தொட ஆள் இல்லை என்பது புரிந்தது. ஜோயல் அண்ணனைப் பார்த்தார். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று தெரிந்தவன் மேலே போகமாட்டான் என்று அவர் நகர்ந்துகொண்டார். நான் முன்னால் வந்து நின்றேன். முதலாளியின் பார்வை என்மேல் பட்டு, நிற்காமல், மச்சானிடம் போய் நின்றது. மச்சான் சாஸ்திரத்துக்கு ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு ஏறிக்கொள்ளட்டும், நோட்டீஸும் போட்டமாதிரி ஆயிற்று என்றார்.

வயரை ஒவ்வொரு சாணாகக் கட்டியவள் நான். திருநீற்றைத் துடைத்துத் திட்டு வாங்கியவள் நான். இன்னொருவர் பல்லை மடியில் ஏந்தியவளும் நான்.

மச்சான் ஸ்பேனரை வாங்கி, தப்பான ஓட்டையிலிருந்து எடுத்த போல்ட்டை நான் காட்டிய ஓட்டையில் வைத்து, முழுபலத்தோடு முறுக்கினான். இடப்பக்கமாக. போல்ட் கழன்றது, வாஷர்கள் செம்மண்ணில் விழுந்து உருண்டன. எல்லோரும் குனிந்து தேடினார்கள். மச்சான் கூலிங் கிளாஸைக் கழற்றாமலே தேடினான். முதல் வாஷரை எடுத்தது நான், கடைசி வாஷரை எடுத்ததும் நான். எழுந்தபோது ஸ்பேனர் எனக்கு எதிரில் மணலில் கிடந்தது.

யாரையும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எடுத்தேன். வாஷர்களை ஊதித் துடைத்து வரிசையாக வைத்து, போல்ட்டைப் பூட்டி, இறுக்கம் காட்டும் ஸ்பேனர் டக்கென்று சொல்கிறவரைக்கும் முறுக்கினேன். கண்ணப்பன் அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு போல்ட்டில் படுகிற தூரத்துக்குக் குனிந்து பார்த்தார். சரி என்பதுபோல் முனகினார்.

கேப்டன் எஞ்சினைக் கிளப்பினார். பெட்டியில் முள் எழுந்து, தயங்கி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழவே இல்லை. எஞ்சினை நிறுத்தி, சென்சார் இரண்டையும் கழற்றி, வயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன், ஜோயல் அண்ணன் பனைமரத்துக் கயிற்றை அவிழ்த்தார். இனிமேல் மேலே போனால் அதிர்வை அளக்கப் பல்செட்தான்.

கேப்டன் பல்செட்டைத் தண்ணீரில் அலசி மாட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"கடைசி போல்ட்ட எவன் முறுக்கினது?"

"எவன் இல்ல சார்," என்றேன். "எவ."

"ஏறு," என்றார்.

முதலாளி குறுக்கே வந்தார். பெண்பிள்ளையை மேலே ஏற்றினால் ஊர் என்ன பேசும் என்று கேட்டார். கேப்டன் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, மேலே ஊர் ஏது, ஊரெல்லாம் கீழேதானே இருக்கிறது என்றார். முதலாளி, குறைந்தது நோட்டீஸையாவது போட்டுவிட்டு வா என்று ஒரு கட்டை என் கையில் திணித்தார். பூசணிக்காய் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

செம்மண் ஓடியது, ஓடியது, பிறகு சத்தம் மட்டும் இருந்தது. தகரக் கொட்டகை தீப்பெட்டி அளவாயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது, தினமும் அந்த ரயிலைப் பிடிக்கத்தான் ஓடுவேன். திருப்பத்தில் வடக்கே செம்பரம்பாக்கம் ஏரி முழுசாகத் தெரிந்தது. கரையிலிருந்து பார்த்தால் அது வெறும் தண்ணீர். மேலேயிருந்து பார்த்தால் அதற்கு ஒரு வடிவம் இருந்தது. நான் சத்தமாகச் சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. இரண்டையும் நிறுத்தத் தோன்றவில்லை. நோட்டீஸ் ஞாபகம் வந்து கட்டைப் பிரித்துத் தள்ளினேன். காற்று அதில் பாதியை ஏரிப் பக்கம் கொண்டுபோயிற்று. மெட்ராஸ்காரர்கள் அந்தத் தீபாவளிக்குப் புடவைக் கடை விளம்பரம் ஊறிய தண்ணீரைத்தான் குடித்திருப்பார்கள்.

கேப்டன் பேசிக்கொண்டே வந்தார். இது தாம்பரம் பக்கம், அது காஞ்சிபுரம் ரோடு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அவர் பேசுகிறார். பல்செட் ஒரு சத்தம் போடவில்லை. வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர் மாதிரி பேசுகிறார். நான் செய்த வேலை அது. பெருமையில் நெஞ்சு விம்மியது.

ஆனால் உதறல் போய்விட்டது. இனி சோதனை ஓட்டம் கிடையாது, முறுக்குவதற்கு போல்ட் கிடையாது. பெட்டி பெங்களூருக்குப் போய்விடும். நாளையிலிருந்து இந்த சீட்டில் மச்சான். இவ்வளவு சரியாக முறுக்கியிருக்க வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது.

"நாளைக்கு மச்சான் உக்காருவாரு, இல்ல சார்?" என்றேன்.

கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விமானத்தைக் கொட்டகைப் பக்கம் திருப்பினார்.

விமானம் தரையில் நின்றதும் முதலாளி ஓடி வந்தார். பின்னால் கண்ணப்பன் அண்ணன், ஜோயல் அண்ணன், அதற்குள் கூலிங் கிளாஸைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக நின்ற மச்சான். முதலாளி என்னைக் கேட்கவில்லை. பெட்டி என்ன சொன்னது என்றும் கேட்கவில்லை.

"கேப்டன், பல்லு இன்னா சொல்லுது?"

கேப்டன் இறங்காமல், இறக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு தாடையை லேசாக அசைத்தார். பல்செட் கடகடவென்று அடித்துக்கொண்டது. எஞ்சின் அதற்கு முன்பே அணைந்திருந்தது.

"இன்னும் ஆடுது முனிரத்தினம்," என்றார். "நாளைக்குக் காலைல அந்தக் கடைசி போல்ட்ட கழட்டி மறுபடி முறுக்கணும்."

முதலாளி கண்ணப்பன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார். மச்சான் முக்காலிமேல் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தான்.

அவன் கை நீளுவதற்குள் நான் அதை எடுத்து என் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.